பழைய நாவலைத் தழுவி பீரியட் படம்: எதைத் தளர்த்தலாம், எதில் கை வைக்கக் கூடாது

19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் நாவல் ஒன்றைத் 'தளர்வாகத் தழுவி' இரண்டரை மணி நேரப் படத்துக்குத் திரைக்கதை எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள். எவ்வளவு மாற்றலாம், உரிமை வாங்க வேண்டுமா, கைக்கு அடக்கமான செலவில் அந்தக் காலத்தைத் திரையில் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எதை விட்டால் அது அந்த நாவலாகவே இல்லாமல் போய்விடும்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பவங்களைத் தாராளமாக மாற்றுங்கள், வெட்டுங்கள், புதிதாகவும் சேருங்கள். ஆனால் அந்தச் சம்பவங்களை நடக்கவைத்த காலத்தின் நடைமுறையை மட்டும் மாற்றாதீர்கள். கடன், கல்யாணம், சாதி, சொத்து, பயணம், சேதி போய்ச் சேர எடுக்கும் நாள், விளக்கு எட்டும் தூரம், இவையெல்லாம்தான் அந்த நடைமுறை. நீங்கள் நாவலின் பெயரைச் சொல்லவில்லை. அதனால் உதாரணத்துக்கு ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தை எடுத்துக்கொள்கிறேன். 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்து, 1896-இல் புத்தகமானது.

உரிமை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். வேதநாயகம் பிள்ளை இறந்தது 1889, ராஜம் ஐயர் 1898, மாதவையா 1925. இவர்கள் நாவல்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாகிவிட்டன. தி. ஜானகிராமன் இறந்தது 1982, ஆகவே அவர் நாவல்களுக்கு 2042 முடியும் வரை வாரிசுகளிடம் எழுத்தில் உரிமை வாங்க வேண்டும். பலர் தவறும் இடம் இரண்டு. ஒன்று, மூல நாவல் பொதுவுடைமை ஆகியிருந்தாலும் அதன் புதிய மொழிபெயர்ப்புக்கும் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரை, குறிப்புகளுக்கும் தனி உரிமை உண்டு. பழைய பதிப்பை வைத்து வேலை செய்வதே பத்திரம். இரண்டு, உரிமை வாங்கும்போது ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதாமல் விட்டால், சட்டம் அதை 5 ஆண்டு, இந்தியாவுக்குள் மட்டும் என்றே எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். 57-ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். உரிமையை விற்ற பிறகும், தன் படைப்பு சிதைக்கப்பட்டால் ஆசிரியர் தடுக்கலாம். மன்னு பண்டாரியின் 'ஆப் கா பன்ட்டி' நாவல் இந்தியில் படமானபோது 1986-இல் தில்லி உயர் நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. ஊடகம் மாறுவதற்குத் தேவையான மாற்றம் ஏற்கத்தக்கது, கதையின் பொருளையே திரிப்பது ஏற்கத்தக்கதல்ல என்பது அதன் சாரம். உங்கள் ஆசிரியர் 19-ஆம் நூற்றாண்டுக்காரர் என்றால் நடைமுறையில் இந்தக் கவலை மிகக் குறைவு. உயிரோடு இருப்பவர் என்றால் ஒப்பந்தத்தைத் திரைப்பட வழக்குகளில் பழகிய வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தளர்வான தழுவலுக்கு நான் திரும்பத் திரும்பக் காட்டும் பாடம் ஸ்டான்லி குப்ரிக்கின் 'பேரி லிண்டன்'. தாக்கரே 1844-இல் தொடராக எழுதிய நாவல், 1975-இல் வந்த படம். நாவலில் பேரி தன் கதையைத் தானே பீற்றிக்கொண்டு சொல்கிறான். அவன் சொல்வதில் எது பொய் என்று வாசகன் வரிக்கு வரி கண்டுபிடிப்பதில்தான் சுவை. படத்தில் இது நடக்காது. கேமரா காட்டியது நடந்ததாகிவிடுகிறது. அவன் வாய் ஒன்றைச் சொல்ல, திரை இன்னொன்றைக் காட்டினால் அது நகைச்சுவைப் படமாகத் திரும்பிவிடும். அதனால் குப்ரிக் கதைசொல்லியை மூன்றாம் மனிதராக மாற்றினார். அந்தக் குரல் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அடுத்தது என்ன என்ற பதைப்பு போய், இது எப்படி வந்து சேரும் என்ற கனம் வருகிறது. நாவலின் முடிவில், பேரியின் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த மகன் புல்லிங்டன் திரும்பி வந்து பேரியை அடித்து நொறுக்குகிறான். படத்தில் அதற்குப் பதில் ஒரு பழைய கொட்டகைக்குள் துப்பாக்கிச் சண்டை. முதலில் சுடுவது யார் என்று நாணயம் சுண்டுகிறார்கள், அடி எண்ணி நிறுத்துகிறார்கள், பேரி வேண்டுமென்றே தரையில் சுடுகிறான். இந்தக் காட்சி நாவலில் கிடையாது. ஆனால் மானத்தை இப்படி விதி வைத்துத் தீர்த்துக்கொள்வது 18-ஆம் நூற்றாண்டு மேல்தட்டின் உண்மையான நடைமுறை. நாவலில் இல்லாத சம்பவம், நாவலின் காலத்திலிருந்தே முளைத்தது. தளர்வு என்று நான் சொல்வது இதைத்தான்.

வேலையை எப்படித் தொடங்குவது? நாவலை ஒருமுறை நிறுத்தாமல் படித்துவிட்டு மூடி வையுங்கள். பத்து நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல் கதையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் தானாக வந்து விழுந்தவைதான் உங்கள் படத்தின் முதுகெலும்பு. இரண்டாம் முறை படிக்கும்போது சம்பவத்துக்கு ஓர் அட்டை எழுதுங்கள். யார், எங்கே, என்ன வேண்டும், கடைசியில் என்ன மாறியது, நான்கே வரி. 300 பக்க நாவலுக்கு 120 முதல் 200 அட்டை வரும். கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடிகிற சம்பவத்துக்கு ஒரு நிறம், மனதுக்குள் மட்டும் நடப்பதற்கு இன்னொரு நிறம். மூன்றாம் முறை படிக்கும்போது கதையை விட்டுவிடுங்கள். காலத்தின் நடைமுறையை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். பணம் யார் கையில் இருக்கிறது, ஊருக்கும் பட்டணத்துக்கும் எத்தனை நாள், யார் யார் வீட்டுக்குள் எதுவரை போகலாம், பெண் யார் முன்னால் உட்காரலாம், விதவை எங்கே தூங்குகிறாள். இந்த மூன்றாவது வாசிப்பைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. பிறகு ஆர்ட் டைரக்டரிடம் போய் "1890 மாதிரி இருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அவர் நான்கு அரிக்கேன் விளக்கும் ஒரு கிராமபோனும் கொண்டுவந்து வைக்கிறார்.

'கமலாம்பாள் சரித்திர'த்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். நாவலின் முழுப் பெயரே 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. கேட்க வேண்டிய கேள்வியை ஆசிரியரே தலைப்பில் வைத்துவிட்டார். மதுரைச் சீமையில் சிறுகுளம் என்ற கிராமம். முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாள் தம்பதி. பெண்ணின் கல்யாணம், பிள்ளை காணாமல் போவது, பணம் போவது, பேயாண்டித் தேவன் என்ற கள்ளன், அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியார், ஊர்ப் பெண்கள் கூடிப் பேசும் 'வம்பர் மகாசபை'. கமலாம்பாள் மேல் அபவாதம், அதாவது வீண்பழி, எழுகிறது, ஐயர் மனமுடைந்து வெளியேறுகிறார், நாவலின் பின்பகுதி வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் இருக்கும் இந்த விரிசலை விமர்சகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அட்டைகளை நிறம் பிரித்தால் அந்த விரிசல் மேசையிலேயே தெரியும். முன்பாதி முழுக்கக் கண்ணுக்கும் காதுக்கும் உரியது, பின்பாதியில் பெரும்பகுதி மனதுக்குள் நடப்பது.

இங்கே இரண்டு வழி உண்டு. ஐயரின் ஆன்மிகத் தேடலைப் படமாக்குவது ஒன்று. அபவாதத்தைப் படமாக்குவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஒரு சொல் எந்த வாயில் பிறந்து, எத்தனை வாய் மாறி, ஒரு குடும்பத்தை எப்படி அடிக்கிறது என்பதை மட்டும் கொண்டு 60, 70 சீனுக்கு ஒன்லைன் (சீன் வாரியான கதைச் சுருக்கம்) போட முடியும். அப்படி முடிவு செய்ததும் 'வம்பர் மகாசபை' நகைச்சுவைப் பகுதியாக இருந்த இடத்திலிருந்து படத்தின் அச்சாக மாறுகிறது. ஐயர் ஊரை விட்டுப் போகும் இடம் இன்டர்வெல். பின்பாதியில் கேமரா அவர் பின்னால் போகாமல் கமலாம்பாளோடு ஊரிலேயே நிற்கலாம். நாவலில் ஐயருக்குக் கிடைத்த பக்கங்கள் படத்தில் அவளுக்குப் போகும். இது பெரிய மாற்றம், சிலர் கோபப்படுவார்கள். ஆனால் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட ஒரு பெண் 1890-களின் அக்கிரகாரத்தில் என்னவாகிறாள் என்பது முழுக்க அந்தக் காலத்தின் நடைமுறையால் தீர்மானிக்கப்படுவது. தாலி இருக்கிறது, புருஷன் இல்லை. சுமங்கலி வரிசையில் அவளுக்கு இடம் உண்டா இல்லையா? வீட்டு வரவு செலவு மைத்துனன் கைக்குப் போகிறதா? மஞ்சள் குங்குமத் தட்டு அவளைத் தாண்டிப் போகும் ஒரே ஒரு ஷாட் பத்து வசனத்தின் வேலையைச் செய்யும்.

தொடர்கதையாக வந்த நாவல்களுக்குத் தனியான ஓர் அபாயம் உண்டு. வாரா வாரம் அல்லது மாதா மாதம் வாசகரை இழுத்து நிறுத்தவே அவற்றின் அத்தியாயங்கள் கட்டப்பட்டிருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாரம்தோறும் வந்தது. ஒட்டுக்கேட்பது, கதவுக்குப் பின்னால் நிழல், சுரங்கப்பாதை முடியும் இடம், இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு விழும். இதை அப்படியே சீனாக்கினால் இரண்டரை மணி நேரத்தில் முப்பது கிளைமாக்ஸ் வரும், எதிலும் எடை இருக்காது. 2022, 2023-இல் வந்த இரண்டு படங்களும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அதற்குள்ளும் மணிமேகலை என்ற பாத்திரத்துக்கு இடமில்லாமல் போனது. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு நிதானமாகத் தொடங்குகிறது. படம் ஆதித்த கரிகாலன் போரோடு தொடங்குகிறது. கல்கியின் கதைசொல்லி வாசகரின் தோளில் கைபோட்டு அழைத்துப் போவார். அந்தத் தோழமைக்குச் சமமான ஒன்று படத்துக்குக் கிடைப்பது மிகக் கடினம். அந்த நாவலை நேசிப்பவர்களுக்குக் குறையாகத் தெரிந்தது பெரும்பாலும் அந்தக் குரல்தான் என்பது என் கணிப்பு, சம்பவங்கள் விடுபட்டது இரண்டாம் பட்சம். உங்கள் நாவலிலும் முதலில் கதைசொல்லியின் குரலை அடையாளம் காணுங்கள். அதை வாய்ஸ் ஓவராக வைக்கிறீர்களா, ஒரு பாத்திரத்தின் வாயில் கொடுக்கிறீர்களா, அல்லது கேமராவின் நிதானத்துக்கு மாற்றுகிறீர்களா என்று முடிவு செய்யாமல் முதல் சீனை எழுதாதீர்கள்.

பெரிய நாவலிலிருந்து சிறு கிளையை மட்டும் வெட்டி எடுப்பதும் முறையான தழுவல்தான். 'அரவான்' படம் (2012) ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'காவல் கோட்ட'த்தில் ஒரு சிறு பகுதியிலிருந்து பிறந்தது. இதற்கு நேர்மாறாகச் சின்ன நாவலை விரிப்பதும் உண்டு. பூமணியின் 'வெக்கை' ஒரு கொலையோடு தொடங்கி, மகனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரியும் சில நாட்களோடு முடிகிற இறுக்கமான நாவல். 'அசுரன்' (2019) அதற்குத் தந்தையின் இளமையையும் குடிசை எரிப்பையும் சேர்த்தது. நாவலில் அவை அந்த வடிவில் இல்லை. ஆனால் நிலம் யார் கையில், கோர்ட்டில் யார் சொல் ஏறும், ஓடுகிறவனுக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்ற நடைமுறையைப் படம் விட்டுவிடவில்லை. அதனால்தான் சேர்த்தது ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. பாத்திரங்களை இணைக்கும்போதும் இதே அளவுகோல்தான். இரண்டு அத்தைகளை ஒருத்தியாக்கலாம். ஆனால் சுமங்கலி அத்தையையும் விதவை அத்தையையும் ஒருத்தியாக்கினால் படம் உடையும். அவர்கள் நிற்கும் இடமே வேறு.

தூரமும் சேதியும் திரைக்கதைக்குக் கிடைத்த புதையல், இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மதுரைக்கு ரயில் வந்தது 1875, தூத்துக்குடி வரை போனது 1876. காலணா தபால் கார்டு 1879-இல் வந்தது. தந்தி இருந்தது, ஆனால் கிராமத்தில் தந்தி என்றாலே சாவுச் சேதி என்று குலை நடுங்கும். ரயிலடிக்கு அப்பால் மாட்டு வண்டிதான். மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர், நாளெல்லாம் ஓட்டினால் 25, 30 கிலோமீட்டர். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கணவன் பட்டணத்திலிருந்து எழுதும் கார்டு ரயிலில் வேகமாக வந்து, கடைசி இருபது கிலோமீட்டரில் இரண்டு நாள் தங்கிவிடும். வம்பு அப்படியில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடும். கார்டு வந்து சேர்வதற்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்றால், உங்கள் பின்பாதியின் பதற்றம் அந்த இரண்டு நாளில் இருக்கிறது. கார்டில் எழுதியதை வழியில் யாரும் படிக்கலாம் என்பதும் கதைக்கு உதவும். போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிந்தது கமலாம்பாளுக்குத் தெரியாது. ஒரு பாத்திரம் காலையில் மதுரையிலும் மதியம் ஊரிலும் இருப்பது போல் எழுதினீர்களானால் இத்தனையும் போயிற்று.

கஷ்டமான இடம் ஒன்று, இதைத் தவிர்க்க முடியாது. அந்தக் காலத்து நாவல்களில் கல்யாணப் பெண் குழந்தை. 1891 சட்டம் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தியதே நாடு முழுக்கப் பெரும் சர்ச்சையானது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வர 1929 ஆயிற்று. இன்றைய திரைக்கதையில் பலர் சத்தமில்லாமல் பெண்ணுக்குப் பதினெட்டு வயதாக்கிவிடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான், ஆனால் பொய். அதோடு கதையும் சரியும். கல்யாணம் முடிந்தும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பது, வளர்ந்த பிறகு அனுப்பிவைப்பது, இடையில் சம்பந்தி வீட்டுக்காரர் ஊர்வம்பைக் கேட்டு மனம் மாறுவது, எல்லாமே அந்தச் சிறு வயதைத் தாங்கி நிற்கின்றன. நான் சொல்லும் வழி: கல்யாணத்தை அப்படியே வையுங்கள், குழந்தையின் கண் உயரத்திலிருந்து எடுங்கள். தலையில் ராக்கொடியின் கனம், ஹோமப் புகையில் கண் எரிச்சல், ஊஞ்சலில் தூக்கம் சொக்குவது. காதல் பார்வை, பாட்டு எதுவும் அந்த வயதில் வேண்டாம். சில ஆண்டுகளைத் தாண்டி வயதுவந்த நடிகைக்கு மாறிய பிறகு இருவருக்கும் இடையே உள்ளதைப் பேசுங்கள். குழந்தை நடிகருக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமலும் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் போகக் கூடாது, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தையின் பெயரில் வங்கியில் போக வேண்டும். கல்யாண சீன் பெரும்பாலும் விடியற்கால வெளிச்சத்தில் எடுப்பது என்பதால் ஷெட்யூல் போடும்போதே இந்த ஐந்து மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

வசனத்தில் பழைய சொல்லைச் சேர்ப்பதை விடப் பின்னால் வந்த சொல்லை நீக்குவதுதான் முக்கியம். நாவலின் உரையாடலை அப்படியே பேசவைத்தால் பாதி பேருக்குப் புரியாது, பேச்சும் மேடை நாடகம் போல் ஒலிக்கும். அதற்குப் பதில் எளிய பேச்சுத் தமிழில் எழுதிவிட்டு, வடிகட்டுங்கள். வாய்க்கு வாய் "வணக்கம்" சொல்வது 20-ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். 1890-இல் அக்கிரகாரத்தில் "நமஸ்காரம்", வெளியிலிருந்து வருகிறவர் "கும்பிடுறேன் சாமி". பெரியவர் சம வயதுக்காரரை "ஓய்" என்பார், மனைவியைப் பெயர் சொல்லாமல் "அடியே" என்பார், மனைவி கணவனின் பெயரை வாயால் எடுக்கவே மாட்டாள். உறவுக்காரர்களுக்குள் "நன்றி" என்று சொல்லிக்கொள்வது கிடையாது. "பிரச்சினை இல்லை", "கவலைப்படாதே, நான் இருக்கிறேன்" போன்ற இன்றைய சீரியல் வசனங்கள் நுழைந்தால் அடுத்த பத்து நிமிடம் செட்டும் உடையும் வீண்.

வெளிச்சம். 'பேரி லிண்டன்' மெழுகுவத்திக் காட்சிகளுக்கு குப்ரிக் பயன்படுத்தியது நாசாவுக்காகத் தயாரான ஸைஸ் 50 எம்எம் லென்ஸ், திறப்பு எஃப் 0.7 (இந்த எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் நுழையும்). பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 100; அதை லேபில் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) உயர்த்தி 200 ஆக்கினார்கள். ஃபோகஸ் ஆழம் அங்குலக் கணக்கில்தான் இருந்தது. அதனால் நடிகர்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது, பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்து அவர்கள் முன்னும் பின்னும் சாய்வதை அளந்தார்கள். அந்த அசைவின்மையே படத்தின் குணமாகிவிட்டது. இன்று உங்களுக்கு அந்த லென்ஸ் தேவையில்லை. 3200 ஐஎஸ்ஓவில் சுத்தமாகப் படம் பிடிக்கும் கேமராவும் எஃப் 1.4 லென்ஸும் இருந்தால், லென்ஸில் இரண்டு ஸ்டாப் இழந்து கேமராவில் நான்கு ஸ்டாப் பெறுகிறீர்கள். நிகர லாபம் இரண்டு ஸ்டாப், அதாவது அவருக்குக் கிடைத்ததைப் போல் நான்கு மடங்கு. தப்பு நடப்பது வேறு இடத்தில். அகல் விளக்கின் சுடர் மிகவும் சிவந்தது, வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 1,900 பக்கம். கேமராவை 3,200-இல் வைத்துவிட்டு எடுத்தால் முகமெல்லாம் ஆரஞ்சுப் பூச்சு. 2,400, 2,600 என்று இறக்கிப் பாருங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அது பாதி விளக்கின் வேலையைச் செய்யும், காவிப் பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிடும். குத்துவிளக்கில் ஐந்து முகத்துக்கும் தடித்த திரி போட்டு, தூணுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் இன்னும் நான்கு அகல் வைத்தாலே முகம் துலங்கும். கறுத்த முகத்தைச் 'சரிசெய்ய' வேண்டாம். நெற்றியிலும் கன்னத்திலும் எண்ணெய்ப் பசையின் மினுக்கம் சுடரை வாங்கிக் காட்டும், அதை பவுடர் போட்டு அழித்துவிடாதீர்கள். பகலில் வீட்டுக்குள் வெளிச்சம் வருவது முற்றத்திலிருந்தும் திண்ணைப் பக்கத்திலிருந்தும் மட்டும். அடுக்களை பகலிலும் இருட்டு. ஆண்கள் வெளிச்சத்திலும் பெண்கள் இருட்டிலும் இருக்கும் வீடு அது. யார் எந்த சீனில் முற்றத்துக்கு வருகிறார்கள் என்பதையே கதையாக எழுதலாம்.

இடம் தேடும்போது செட்டிநாட்டு வீடுகள் முதலில் கண்ணில் படும், வாடகைக்கும் கிடைக்கும். பர்மா தேக்கும் வெளிநாட்டுப் பளிங்கும் நிறைந்த அந்த அரண்மனைகள் வணிகச் செல்வத்தின் சாட்சி. நடுத்தர அக்கிரகார வீட்டுக்கு அவை பொருந்தாது. கல்லிடைக்குறிச்சி பக்கம் இன்னும் ஓடு வேய்ந்த நீண்ட தெருக்கள் இருக்கின்றன. மின்சார மீட்டர், கேபிள், சிமென்ட் சாலை, தண்ணீர்த் தொட்டி, இதையெல்லாம் மறைக்கும் செலவைத்தான் முதலில் மதிப்பிட வேண்டும், வாடகையை அப்புறம் பார்க்கலாம். சாலையில் ஐந்து சென்டிமீட்டர் செம்மண் கொட்டினால் போதும், ஆனால் மழை வந்தால் மறுபடி கொட்ட வேண்டும், இரண்டு தடவைக்குக் கணக்கு வையுங்கள். தெற்கே வெளிப்புறக் காட்சிகளில் பெரிய எதிரி சீமைக் கருவேலம். இந்தியாவுக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டாலும், நம் வறண்ட மாவட்டங்களை மூடியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். பின்னணியில் அது அடர்ந்திருந்தால் கேமராவைத் திருப்புங்கள். பனையும் உடைமரமும் இருக்கும் பக்கம் பாருங்கள்.

ரயில் காட்சி வேண்டும் என்றால் எல்லோரும் நீலகிரிக்கு ஓடுகிறார்கள். மீட்டர்கேஜ், நீராவி, இரண்டும் பொருந்தும். ஆனால் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சக்கரப் பட்டை ஓடுகிறது. மதுரைச் சமவெளியில் அது இருந்ததில்லை, ஒரு டாப் ஆங்கிளில் குட்டு வெளிப்பட்டுவிடும். குன்னூருக்கு மேலே அந்தப் பட்டை கிடையாது, ஆனால் பின்னால் மலை வரும். செலவைக் கருதினால் ஒரு மரப்பெட்டியின் உட்புறத்தை மட்டும் செட் போட்டு, புகையும் ஒலியும் கரி படிந்த முகமும் வைத்து முடிப்பதே நல்லது. தலைமுடி இன்னொரு பொறி. 1890-இல் அக்கிரகாரத்து ஆண் என்றால் முன் தலை மழித்த குடுமி. விக் வைத்தால் நெற்றி விளிம்பு இன்றைய கேமராவில் தெரியும். முக்கிய நடிகர்களோடு கால்ஷீட் பேசும்போதே தலை மழிப்பதையும் பேசி, அவர்கள் இடையில் வேறு படத்துக்குப் போகாதபடி உங்கள் படத்தை முடியுங்கள். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்களில் முன்வரிசை பதினைந்து பேருக்கு மட்டும் மழித்தால் போதும், பின்னால் தலைப்பாகை. ஆண்களுக்குக் காது குத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தி மாட்டும் கடுக்கன். பெண்களுக்குப் புருவம் திருத்தாமல் குறைந்தது ஆறு வாரம். பணத்தைக் காட்டும் சீனில் தகரக் காசு வேண்டாம். விக்டோரியா ராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை. கல்தரையில் சுண்டினால் நீண்டு ஒலிக்கும், காசு நல்லதா என்று அந்தக் காலத்துக் கடைக்காரர் சுண்டித்தான் பார்ப்பார். ஒரே ஒரு அசல் காசு வாங்கி, அதன் ஒலியைப் பதிவு செய்து எல்லாக் காசுக்கும் பயன்படுத்தலாம்.

மாடு, குதிரை, எது வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். ஜல்லிக்கட்டு காட்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011-இல் மத்திய அரசு காளையையும் சேர்த்தது. 2017-இன் தமிழகத் திருத்தம் ஜல்லிக்கட்டு நடத்துவதற்காக வந்தது, அதைப் படப்பிடிப்புக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரியத்தைக் கேட்காமல் செட் போட வேண்டாம். தூசியும் கூட்டத்தின் முகங்களும் வாடிவாசல் கட்டையும் வைத்து, காளையை சிஜியில் (கணினி வரைகலையில்) இரண்டு, மூன்று ஷாட்டுக்கு மட்டும் காட்டுவது நடக்கக்கூடிய வழி.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. வாதத்துக்கு இடமுள்ளவையும் உண்டு. இசை காலத்தோடு ஒட்ட வேண்டுமா என்பதில் ஒரே விடை இல்லை. 18-ஆம் நூற்றாண்டுக் கதைக்கு குப்ரிக் ஷூபர்ட் 1827-இல் எழுதிய இசையைப் போட்டார், அது பொருந்தவும் செய்தது. கதைக்குள் பாத்திரங்கள் பாடுவது காலத்தோடு இருக்கட்டும், பின்னணி இசைக்கு விடுதலை கொடுங்கள் என்பது என் சாய்வு. 'தழுவியது' என்று டைட்டிலில் போடுவதா, 'கதைக்கரு' என்று போடுவதா என்பதும் அப்படித்தான். பாத்திரப் பெயர்களையும் முடிவையும் மாற்றிவிட்டீர்களானால் பின்னதே நேர்மை. சாதி வழக்கங்களை எவ்வளவு நேராகக் காட்டுவது என்பதில் தணிக்கையின் போக்கை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பேயாண்டித் தேவன் போன்ற பாத்திரத்தின் பெயரையும் அவரைச் சித்திரிக்கும் விதத்தையும், அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களிடமும் அந்தக் கால வரலாறு படித்தவர்களிடமும் காட்டிவிட்டு வையுங்கள். ராஜம் ஐயரின் காலத்துப் பார்வையை அப்படியே சுமக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

முழுத் திரைக்கதையையும் முடித்துவிட்டுச் சோதிக்காதீர்கள். முப்பது பக்கம் ஆனதும் ஒரு சீனைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு பெண்கள், ஒரு விளக்கு, ஒரு வம்பு. பழைய வீடு ஒன்றில் ஒரே இரவு, உங்கள் ஒளிப்பதிவாளரோடும் ஒலிப்பதிவாளரோடும் எடுத்துப் பாருங்கள். விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அடுக்களைக்குப் போனால் கூடத்தில் இருப்பவள் இருட்டில் விடப்படுகிறாள் என்பது காகிதத்தில் தெரியாது. அங்கே நின்றால் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வந்து அந்த முப்பது பக்கத்தையும் மறுபடி எழுதுங்கள்.